க்ரூனாவில் புதிய சபை: வாசலில் பெயர்ப்பலகை வேண்டுமா, வேண்டாமா?

நாஞ்சில் பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் பல ஆண்டுகளாக வாழ்கிற மூத்தவர்களிடமும் நண்பர்களிடமும் ஓர் ஆலோசனை வேண்டும்.

லைப்சிக் நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள க்ரூனாவ் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். கிழக்கு ஜெர்மனி அரசு 1976இல் கட்டத் தொடங்கிய பகுதி இது. இங்கே ஒரு சிறிய சபை புதிதாகத் தொடங்கியிருக்கிறது. புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கம் என்ற ஜெர்மனியின் இரண்டு பெரிய திருச்சபைகளையும் சாராதது. முன்பு பூக்கடையாக இருந்த ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு காலை ஆராதனை நடத்துகிறோம். வருகிறவர்கள் முப்பது பேருக்குள்தான். போதகரும் அவருடைய மனைவியும் ஜெர்மானியர்கள். சிறுவர் வகுப்பையும் வார நாட்களில் நடக்கும் சில வேலைகளையும் நான் கவனித்துக்கொள்கிறேன்.

அயலார் யாரும் எங்களிடம் சண்டைக்கு வரவில்லை. வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் கடைவாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அழைப்பிதழ் போடலாம் என்றால் பாதித் தபால் பெட்டிகளில் "விளம்பரம் போடாதீர்கள்" என்று ஒட்டியிருக்கிறது. ஒரு நாள் பெரியவர் ஒருவர் கண்ணாடி வழியாக உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கதவைத் திறந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்குப் பணம் கொடுப்பது யார்?" காணிக்கைதான் என்றேன். "யாருடைய காணிக்கை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

இப்போது அதே இடத்தில் வார நாட்களில் காபி அறை ஒன்று திறக்கத் திட்டமிடுகிறோம். காபி, கேக், பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட உதவி. எங்கள் குழுவில் சிலர், வாசலில் சபையின் பெயரும் சிலுவையும் வேண்டாம் என்கிறார்கள். முதலில் மக்கள் வரட்டும், பழகட்டும், பிறகு நாம் யார் என்று தானாகவே தெரியவரும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல மனிதர்கள், அவர்கள் கவலையும் நியாயமானது. "சபை" என்று எழுதினால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார்கள் என்பது உண்மை. இருந்தாலும் என் மனம் ஒப்பவில்லை.

நான் வளர்ந்த ஊரில் மூன்று திசையிலிருந்தும் ஆலயமணி கேட்கும். சபை என்றாலே சந்தேகப்படும் தெருவில் எப்படி ஊழியம் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

தரங்கை மகன் எழுதியது:

சகோதரி, நான் அருகிலுள்ள ஹாலே நகரில் இருக்கிறேன். பலகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் எடுக்கிற முடிவு எதுவும் நிற்காது.

மதச் சீர்திருத்தவாதி லூத்தர் வாழ்ந்த விட்டன்பர்க் உங்களுக்கு ரயிலில் போய்வரக்கூடிய தூரம். இசைமேதை பாக் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை இசைப்பணி செய்த தாமஸ் ஆலயம் உங்கள் நகரத்திலேயே இருக்கிறது. 1950இல் கிழக்கு ஜெர்மனி மக்களில் பத்தில் எட்டுப் பேர் புராட்டஸ்டன்ட் சபையில் இருந்தார்கள். 1989 வரும்போது அது ஏறத்தாழ நான்கில் ஒருவராகக் குறைந்திருந்தது. இன்று லைப்சிக்கில் இரண்டு பெரிய திருச்சபைகளையும் சேர்த்தால்கூட ஐந்தில் ஒருவர் தேறமாட்டார்.

இடையில் நடந்தது என்ன? ஒரு பகுதி நேரடி அழுத்தம். 1954இல் கம்யூனிஸ்ட் அரசு, பதின்ம வயதினரைச் சபையில் உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதலுக்குப் போட்டியாக இளைஞர் உறுதியேற்பு விழா ஒன்றைக் கொண்டுவந்தது. யூகெண்ட்வைஹ என்பார்கள். அதில் சேராத பிள்ளைகள் பலருக்கு மேல்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகமும் எட்டாமல் போயின. 1968 மே 30 அன்று லைப்சிக் நகர நடுவில் இருந்த பல்கலைக்கழக ஆலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் தப்பிய ஆலயம் அது.

ஆனால் அழுத்தத்தால் மட்டும் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தாத்தா விட்டார், அப்பாவுக்குப் பழக்கமே இல்லை, மகனுக்கு அது என்னவென்றே தெரியாது. உங்கள் அயலாரில் பெரும்பாலோர் எந்த நம்பிக்கையையும் துறந்தவர்கள் அல்லர். துறப்பதற்கு அவர்களிடம் எதுவும் இருந்ததில்லை. அவர்களைப் போய் "திரும்பி வாருங்கள்" என்று அழைத்தால், எங்கிருந்து எங்கே என்று விழிப்பார்கள்.

இன்னொன்று. க்ரூனாவில் 1980களிலேயே கட்டப்பட்ட புராட்டஸ்டன்ட் பவுல் ஆலயமும் கத்தோலிக்க மார்ட்டின் ஆலயமும் இருக்கின்றன. அந்த அரசின் காலத்திலேயே அங்கே ஜெபித்துக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். உங்கள் குழு இதுவரை அவர்களைப் போய்ப் பார்த்ததா? புதிதாக வருகிற சபைகள் பல, கடவுள் தங்களோடுதான் அந்தத் தெருவுக்கு வந்து இறங்கினார் என்பதுபோல் நடந்துகொள்கின்றன. இது எனக்குத் தீராத வருத்தம்.

---

ஸ்டுட்கார்ட் சகோதரன் எழுதியது:

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சகோதரி, உங்கள் குழு சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார். தைத்த ஒவ்வொரு கூடாரத்திலும் அப்போஸ்தலன் என்று எழுதி வைக்கவில்லை. காபி அறை என்பது காபி அறைதான். உள்ளே வருகிறவர் கேட்டால் உண்மையைச் சொல்லப் போகிறீர்கள். கேட்காதவரிடம் ஏன் முதல் வார்த்தையிலேயே சுவர் எழுப்ப வேண்டும்?

எங்கள் பகுதியில் மருத்துவமனை, முதியோர் இல்லம், மழலையர் பள்ளி எனத் திருச்சபை நடத்தும் இடங்கள் நிறைய. அங்கே போகிறவர்கள் யாரும் கதவிலுள்ள சிலுவையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. சேவை நன்றாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

---

பகுத்தறிவன் எழுதியது:

தோழி, நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். என் தந்தை திராவிடர் கழகத்தில் இருந்தவர். இந்த இழையில் எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் நீங்கள் கேட்பது என்னைப் போன்றவர்களைப் பற்றித்தானே.

லைப்சிக்கில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். "சபை நடத்தும் காபி அறை" என்று எழுதிய இடத்துக்கு நான் போவேன். நான் கேட்காமல் என் தலைமேல் கைவைத்து யாரும் ஜெபிக்கமாட்டார்கள் என்ற உறுதி இருந்தால் போதும். ஆனால் எழுதாத இடத்துக்கு நாலைந்து முறை போய்ப் பழகிய பிறகு, அது சபையின் இடம் என்று தெரியவந்தால், அன்றோடு சரி. அதோடு நிற்கவும் மாட்டேன். எங்கள் மாடிப்படியில் உள்ள எல்லா வீட்டுக்கும் சொல்வேன். அப்படிச் சொல்வதை என் கடமையாகவே நினைப்பேன். ஏனென்றால் அங்கே என்னோடு பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் ஒரு நோக்கம் இருந்ததா என்று அதன் பிறகு என்னால் யோசிக்காமல் இருக்க முடியாது.

உங்கள் குழுவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பத்து ஆண்டுகள் காபி கொடுக்கிறீர்கள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறீர்கள், ஒருவர்கூட உங்கள் சபையில் சேரவில்லை. அப்போதும் நடத்துவீர்களா? ஆம் என்றால் பலகையை ஒளிக்க எந்தக் காரணமும் இல்லை. இல்லை என்றால் அந்தப் பிள்ளைகளைத் தொடாதீர்கள்.

---

ஸ்டுட்கார்ட் சகோதரன் எழுதியது:

நண்பரே, கடைசி வரி கடுமையாக இருக்கிறது. நற்செய்தியைச் சொல்ல விரும்புவது குற்றமா?

---

பகுத்தறிவன் எழுதியது:

குற்றம் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கி இல்லாமல் உங்கள் அறைக்குள் சொல்லுங்கள், கேட்க வந்தவரிடம் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பையன் பின்னம் கற்றுக்கொள்ள வந்திருக்கும்போது சொல்லாதீர்கள். அவனுடைய தாய் அதற்காக அனுப்பவில்லை.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

இருவரும் மரியாதையோடுதான் பேசுகிறீர்கள், நன்றி. மதம் சரியா தவறா என்ற பொதுவான விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே க்ரூனாவோடு நிற்போம்.

---

ஹாம் பெரியவர் எழுதியது:

பிள்ளை, நான் 83ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் குடியேறியவன். கத்தோலிக்கன். ஆகஸ்டில் கேவலார் மாதா திருத்தலத்துக்கு நாங்கள் திரண்டு போவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சைவச் சனங்களும் எங்களோடு வருவார்கள். எங்கள் ஹாம் நகரிலோ காமாட்சி அம்பாள் கோயில் தேர் ஓடும்போது ஜெர்மன்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். நாங்கள் யார் என்பதை மறைத்து ஒருநாளும் இங்கே எதையும் செய்ததில்லை. மறைக்காததால்தான் மதித்தார்கள் என்பது என் அனுபவம்.

ஒரு விடயம் கவனியுங்கள். இந்த நாட்டில் நகராட்சியில் பதியும்போது மதம் என்ன என்று கேட்பார்கள். கத்தோலிக்கம் என்று எழுதினால் வருமான வரியில் 9 சதவீதம் திருச்சபை வரியாகச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். பவேரியாவிலும் ஸ்டுட்கார்ட் தம்பி இருக்கும் மாநிலத்திலும் 8 சதவீதம். எங்கள் ஆட்கள் பலர் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பெரியவர் பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். உங்கள் கூட்டத்துக்கு வந்தால் தன் ஓய்வூதியத்தில் கைவைப்பார்களோ என்று நினைத்திருப்பார். உங்களுடையது போன்ற சபைகள் வரி அலுவலகம் வழியாக எதையும் வாங்குவதில்லை என்பதை எழுதியே வையுங்கள்.

---

மாடிவீட்டு மருமகள் எழுதியது:

ஹாம் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் மேற்கில் சபை என்றால் பழகிய ஒன்று, பிடிக்காவிட்டாலும் தெரியும். கிழக்கில் அப்படி இல்லை. என் கணவர் கெம்னிட்ஸ் நகரில் பிறந்தவர். அந்த ஊரின் பெயர் அப்போது கார்ல்மார்க்ஸ்ஷ்டட். இந்த இழையை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1989 இறுதியில் மேற்கு ஜெர்மனியுடனான எல்லை திறந்ததும் அவர்கள் வீட்டுக் கதவை முதலில் தட்டியவர்கள் விற்பனையாளர்கள். காப்பீடு, பத்திரிகைச் சந்தா, பழைய கார், சமையல் பாத்திரம். நல்ல சூட் போட்டிருந்தார்கள், அன்பாகப் பேசினார்கள், குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்கள். அவருடைய அம்மா மூன்று காப்பீடுகளில் கையெழுத்துப் போட்டார், ஒன்றுகூடத் தேவையில்லாதது. அதே ஆண்டுகளில்தான் அப்பாவின் ஆலை மூடப்பட்டது. அன்பாகப் பேசுகிற அந்நியர் வந்தால் பணப்பையைப் பிடித்துக்கொள் என்பது அந்தத் தலைமுறை காசு கொடுத்துக் கற்ற பாடம். அதில் மத வெறுப்பு எதுவும் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொன்னார். முதியவர்களைக் குறைந்த காசில் பேருந்தில் ஏற்றி, ஊர் சுற்றிக் காட்டி, காபியும் கேக்கும் கொடுத்து, பிறகு ஒரு விடுதியின் பின்னறையில் உட்காரவைத்து முடக்குவாதத்துக்கு நல்லது என்று சொல்லி ஒரு போர்வையை நூற்றுக்கணக்கான மார்க் பணத்துக்கு விற்பார்கள். கிழக்கு, மேற்கு எல்லா இடத்திலும் நடந்தது. காபிப் பயணம் என்று சொன்னாலே இங்கே எந்தப் பாட்டிக்கும் புரியும். "பெயர் போடாத இலவசக் காபி என்றால் என் அம்மா கேட்கப்போகும் முதல் கேள்வி, போர்வை எங்கே என்பதுதான்" என்கிறார் என் கணவர்.

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. பலகை வையுங்கள் தங்கையே.

---

செவிலியர் அக்கா எழுதியது:

நான் லைப்சிக்கில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் 1930களிலும் 40களிலும் பிறந்தவர்கள். க்ரூனாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. புதிய வீடு கிடைத்த நாளைத் திருமண நாள்போலச் சொல்வார்கள். அதற்கு முன் அவர்கள் இருந்தது நிலக்கரி அடுப்பும் மாடிப்படி நடுவில் பொதுக் கழிவறையும் உள்ள பழைய வீடுகளில். இங்கே குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. 1980களின் இறுதியில் அங்கே 80,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். ஆலைகள் மூடியபின் இளையவர்கள் போய்விட்டார்கள், பல கட்டடங்களை இடித்தார்கள். இன்று வெளியாட்கள் க்ரூனாவைப் பற்றி இளக்காரமாகப் பேசினால் அந்தப் பாட்டிகளுக்குக் கோபம் வரும். உங்கள் சபையின் நன்கொடையாளர் கடிதங்களில் "இருண்ட பகுதி", "நம்பிக்கையிழந்த மக்கள்" என்றெல்லாம் எழுதுகிறீர்களா? எழுதினால் நிறுத்துங்கள். இணையத்தில் போட்டால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாசிப்பார்கள்.

ஒரு அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாத அளவுக்கு. மகளை யூகெண்ட்வைஹவுக்கு அனுப்பாமல் உறுதிபூசுதலுக்கு அனுப்பினார். மகளுக்கு மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. மருத்துவராக ஆசைப்பட்ட பெண் தையல் ஆலைக்குப் போனாள். அதைப் பற்றித் தாயும் மகளும் பிறகு பேசிக்கொண்டதே இல்லை. அந்த அம்மையாரிடம் "நீங்கள் ஆலயத்துக்குப் போவீர்களா" என்று புதிதாக வந்த ஒரு இளைஞர் சிரித்த முகத்தோடு கேட்டார். அவர் பதில் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தியது என்று கேட்டவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஆகையால் என் வேண்டுகோள்கள். காபி அறையில் வருகைப் பதிவேடு வைக்காதீர்கள். பெயர், தொலைபேசி எண் எழுதும் தாள் எதையும் மேசையில் வைக்காதீர்கள். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசுக்குத் தகவல் சொன்னவர்கள் சபைகளுக்குள்ளேயே இருந்தார்கள் என்பது கோப்புகள் திறந்தபின் எல்லோருக்கும் தெரிந்தது. தன்னைப் பற்றி யாரோ குறித்துவைக்கிறார்கள் என்ற உணர்வு வந்தால் மறுமுறை வரமாட்டார்கள். குழந்தைகளைப் புகைப்படம் எடுக்காதீர்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. கத்தோலிக்கத் திருச்சபையில் நடந்த பாலியல் வன்கொடுமைகள் பற்றிய ஆய்வு 2018இல் வந்தது. 3,677 சிறுவர் சிறுமியர் பாதிக்கப்பட்டதாகக் கோப்புகளிலிருந்தே எண்ணியிருந்தார்கள். 2024 ஜனவரியில் புராட்டஸ்டன்ட் சபைகள் பற்றிய ஆய்வு வந்தது. அதில் குறைந்தது 2,225 பேர். செய்தி வாசிக்கிற எந்தத் தாயும் இதை மறக்கமாட்டாள். வீட்டுப்பாட உதவிக்கு வரும் தன்னார்வலர் ஒவ்வொருவரும் விரிவான காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டும். தன்னார்வலருக்கு அதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் மட்டும் மூடிய அறையில் இருக்கக் கூடாது. யாரிடம் புகார் சொல்லலாம் என்பதை, சபைக்கு வெளியே உள்ள ஓர் ஆலோசனை மையத்தின் எண்ணோடு, சுவரில் ஒட்டுங்கள்.

---

நாஞ்சில் பெண் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். நன்கொடையாளர் கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது போதகரின் மனைவி உடனே கணினியைத் திறந்து பழைய கடிதங்களை எடுத்தார். அவர் அதே பகுதியில் பிறந்து வளர்ந்தவர். "இதில் உள்ள ஒரு வரியைக்கூட என் தாயிடம் காட்ட முடியாது" என்றார். இணையதளத்திலிருந்து அன்றிரவே எடுத்துவிட்டோம்.

பகுத்தறிவன் அண்ணா, உங்கள் கேள்வியையும் கேட்டேன். நீண்ட நேரம் விவாதம் நடந்தது. ஒருவர், சேராவிட்டாலும் நடத்துவோம் என்றார். இன்னொருவர், வெளியூர்ச் சபைகளிலிருந்து வரும் உதவித்தொகை குறிப்பிட்ட காலத்துக்குத்தான், அதன்பின் எண்ணிக்கை கேட்பார்கள் என்று உண்மையைச் சொன்னார். அப்போதுதான் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி எவ்வளவு சரியானது என்று எனக்கு உறைத்தது. பணம் கொடுப்பவர் யார் என்பதில்தான் எங்கள் பதில் தங்கியிருக்கிறது. காபி அறையின் செலவை வெளிப்பணத்தில் நடத்தாமல், இங்கே வருகிற நாங்களே பகிர்ந்துகொள்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே திறக்க முடிந்தாலும் பரவாயில்லை.

பலகை விஷயம் இன்னும் முடிவாகவில்லை. போதகர் இரண்டு பக்கமும் யோசிக்கிறார்.

---

தரங்கை மகன் எழுதியது:

ஒரு பழைய உதாரணம், நம் இருவர் ஊரையும் இணைப்பது. நான் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் பிறந்தவன். அந்தச் சபையை வளர்த்த மிஷனின் தலைமையகம் 1848 முதல் லைப்சிக்கில்தான் இருந்தது. திருக்குறளை ஜெர்மனில் தந்த கிரவுல் அதன் இயக்குநர். அதற்கும் முன்னால், 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு ஐயர், சாக்சனி மாநிலத்தின் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூர்க்காரர். ஹாலேயில் படித்தவர். அன்று ஆள் அனுப்பிய மண்ணில் இன்று நம் ஆட்கள் ஊழியம் செய்கிறார்கள் என்று பல கூட்டங்களில் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பெருமையில் விருப்பமில்லை. டேனிஷ் கோட்டையும் பீரங்கியும் நிழல் தந்த துறைமுகத்தில் நடந்த ஊழியம் அது. அந்தக் கோட்டையின் தளபதியே அவரைச் சில மாதம் சிறையில் வைத்தார் என்றாலும், அவர் வந்தது ஓர் அரசனின் பெயரில்.

ஆனால் அவர் செய்த ஒன்று இன்றும் எடுத்துக்கொள்ளத் தக்கது. அவரும் அவருடைய துணை ஊழியரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் வழக்கங்கள் என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எங்கள் மதத்தை ஏன் ஏற்கவில்லை என்று. தமிழர்கள் கூசாமல் பதில் எழுதினார்கள். கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், கால் கழுவுவதில்லை, தாங்கள் போதிப்பதைத் தாங்களே செய்வதில்லை என்ற குற்றச்சாட்டுகள் எல்லாம் வந்தன. அந்தக் கடிதங்கள் ஹாலேயில் ஜெர்மன் மொழியில் அச்சேறின. தங்களைப் பற்றிய வசையைத் தாங்களே அச்சிட்டு வெளியிடத் துணிந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நீங்களும் அயலாரிடம் கேளுங்கள். "வாருங்கள்" என்பதற்கு முன், "எங்களைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது" என்று. அவர்கள் சங்கங்களில் போய்ச் சேருங்கள். சிறு தோட்டச் சங்கங்கள் லைப்சிக்கில் தோன்றியவை. அவற்றுக்கு முன்னோடியான முதல் ஷ்ரேபர் சங்கம் 1864இல் அங்கே தொடங்கியது. க்ரூனாவைச் சுற்றிலும் இருக்கின்றன. வசந்தத்தில் பொதுவேலை நாள் ஒன்று வைப்பார்கள், வேலி அடிக்கவும் பாதை கூட்டவும். அங்கே மண்வெட்டியோடு போய் நில்லுங்கள், உங்கள் சபையின் பெயரைச் சொல்லி. அங்கே விருந்தோம்புகிறவர்கள் அவர்கள், விருந்தாளி நீங்கள்.

---

பகுத்தறிவன் எழுதியது:

தோழி, உங்கள் போதகர் பலகையைப் பற்றி யோசிக்கிறார் என்றால் அவரை நகர நடுவில் உள்ள நிக்கோலாய் ஆலயத்துக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாத இடமாக இருக்காது. 1982 முதல் திங்கள்தோறும் மாலையில் அங்கே அமைதிக்கான ஜெபம் நடந்தது. அரசுக்குப் பிடிக்காதவர்கள், நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்தவர்கள், கடவுளை நம்பாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். வாசலில் இருந்த பலகை புகழ்பெற்றது: "நிக்கோலாய் ஆலயம், எல்லோருக்கும் திறந்திருக்கிறது." ஆலயம் என்று எழுதியிருந்தார்கள், திறந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டையும் கடைப்பிடித்தார்கள்.

1989 அக்டோபர் 9 அன்று இடத்தை நிரப்புவதற்காக ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே அனுப்பப்பட்டார்கள். அவர்களையும் உட்கார வைத்துத்தான் ஜெபம் நடத்தினார்கள். வெளியே 70,000 பேர் மெழுகுவத்தியோடு நகரச் சுற்றுச்சாலையில் நடந்தார்கள். ஒரு துப்பாக்கிக் குண்டுகூடப் பாயவில்லை. நம்பிக்கை இல்லாத எனக்கும் அந்த ஆலயத்தின்மேல் மரியாதை இருக்கிறது. என் அலுவலகத்தில் உள்ள லைப்சிக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த மக்கள் பிறகு சபையில் சேரவில்லை என்பதும் உண்மை. அதற்காக அந்தத் திங்கட்கிழமைகள் வீண் என்று ஸ்டுட்கார்ட் நண்பர்கூடச் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

---

ஸ்டுட்கார்ட் சகோதரன் எழுதியது:

சொல்லமாட்டேன். காபிப் பயணம் பற்றி அந்தச் சகோதரி எழுதியதை வாசித்தபின் பலகையைப் பற்றிய என் கருத்தையும் மாற்றிக்கொள்கிறேன். இங்கே மேற்கில் அது வேறு மாதிரி.

ஆனால் ஒன்றில் நான் உறுதியாக இருக்கிறேன். சேவை மட்டும் போதும், சொல்ல வேண்டியதில்லை என்று போய்விடாதீர்கள். நீங்கள் ஏன் வாரத்தில் ஒரு மாலையை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டால், வெட்கப்படாமல் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லுங்கள். அதை மறைப்பதும் ஒருவகையில் பலகையைக் கழற்றுவதுதான்.

---

பகுத்தறிவன் எழுதியது:

இதில் எனக்கு மறுப்பில்லை. கேட்டால் சொல்லட்டும்.

---

மாடிவீட்டு மருமகள் எழுதியது:

சத்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஞாயிறு அன்று இங்கே துளைப்பான் ஓட்டினாலே அயலார் கதவைத் தட்டுவார்கள். அந்தக் கட்டடங்களில் மேல்வீட்டுக்காரர் தும்மினால் கீழே கேட்கும். டிரம்ஸ் வைத்துப் பாடுகிறீர்களா?

---

நாஞ்சில் பெண் எழுதியது:

வைத்திருந்தோம் அக்கா. இப்போது கித்தாரும் சிறிய கைப்பறையும் மட்டும். மேலே உள்ள மூன்று வீடுகளுக்கும் போய், ஞாயிறு எத்தனை மணிக்கு என்ன நடக்கும், தொந்தரவு என்றால் யாரை அழைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். அதில் ஒரு வீட்டில் இரவுப்பணி முடித்து வந்து தூங்குகிறவர் இருக்கிறார். அவருக்காக ஆராதனையைப் பத்து மணியிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினோம்.

முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். பலகை வைத்துவிட்டோம். மேலே சபையின் பெயர். அதன் கீழே: "சபை நடத்தும் காபி அறை. வியாழன் மாலை 3 முதல் 6 வரை. எல்லோரும் வரலாம். வழிபாடு ஞாயிறு மட்டும்." கண்ணாடியின் உள்பக்கம், வெளியிலிருந்து வாசிக்கும்படி, மாதக் கணக்கு ஒட்டியிருக்கிறோம்: வாடகை, மின்சாரம், காபித்தூள், காணிக்கை வரவு, வெளியிலிருந்து வந்த உதவி. அதன் பக்கத்தில் எங்கள் சபைச் சங்கத்தின் விதிமுறைகள். நாங்கள் வரி அலுவலகம் வழியாக எதையும் வாங்குவதில்லை என்ற வரியும் இருக்கிறது. பவுல் ஆலயத்தாரைப் போய்ப் பார்த்தோம். அவர்கள் ஏற்கெனவே செவ்வாய்க்கிழமைகளில் ஒரு சந்திப்பு நடத்துவதால்தான் நாங்கள் வியாழனை எடுத்துக்கொண்டோம்.

முதல் வியாழன் வந்தவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள், சிரியாவிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஜெர்மன் பாடத்துக்கு உதவி கேட்டார்கள். அக்கா சொன்னபடி சான்றிதழ் வந்துசேராத இருவரைக் காபி போடுவதோடு நிறுத்திவைத்தோம்.

அந்தப் பெரியவர் வந்தார். உள்ளே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கணக்கை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு என்னைக் கைகாட்டி அழைத்து, வாடகையில் வெப்பச் செலவு சேர்ந்திருக்கிறதா, தனியா என்று கேட்டார். சேர்ந்தது என்றேன். "பிரித்து எழுதுங்கள், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் ஒப்பிட முடியாது" என்றார். ஓர் அரசு ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தவராம். அடுத்த மாதத் தாளில் பிரித்து எழுதியிருக்கிறோம்.

---

ஸ்டுட்கார்ட் சகோதரன் எழுதியது:

ஆறு மாதம் கழித்து எப்படிப் போகிறது என்று இதே இழையில் எழுதுங்கள் சகோதரி. ஜெபித்துக்கொள்கிறேன்.

---

செவிலியர் அக்கா எழுதியது:

எங்கள் இல்லத்தில் இருவர் க்ரூனாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பழைய வீட்டுப் பக்கம். ஒரு வியாழன் அழைத்துவந்து உங்களிடம் காபி குடிக்கவைக்கலாமா? ஒருவர் சக்கர நாற்காலியில். வாசலில் படி இருக்கிறதா?

---

நாஞ்சில் பெண் எழுதியது:

தாராளமாக வாருங்கள் அக்கா. முன்வாசலில் ஒரு படி இருக்கிறது. சாய்தளம் போட வீட்டு நிர்வாகத்திடம் அனுமதி கேட்டிருக்கிறோம். பின்பக்கம் சரக்கு இறக்கும் கதவு தரைமட்டம்தான், அகலமும் போதும். வருவதற்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அங்கே அடுக்கியிருக்கும் நாற்காலிகளை நகர்த்தி வைக்கிறேன்.